அமெரிக்க வரியும் பாளையங்கோட்டை அடுக்களையும்

கேள்வி:

பாளையங்கோட்டை மகாராஜ நகரில் 1989-இல் கட்டிய வீடு எங்களுடையது. நானும் கணவரும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அடுக்களையை மாடுலர் கிச்சனாக மாற்ற நினைத்து, போன ஆடியில் ஒரு இன்டீரியர்காரரிடம் எஸ்டிமேட் வாங்கினோம். 4,20,000 ரூபாய் வந்தது. மகள் பேறுகாலத்துக்கு வந்துவிட்டதால் வேலையைத் தள்ளிப்போட்டோம். தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம் என்று மார்கழியில் கூப்பிட்டால், அதே வேலைக்கு 5,10,000 என்கிறார். “எல்லாம் டிரம்ப் போட்ட வரி, டீச்சர். நான் என்ன செய்ய?” என்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் மகனும் அங்கே கிச்சன் வேலை பார்க்கிறான். வரியால் கேபினட் விலை எகிறிவிட்டது என்று அவனும் சொல்கிறான். அப்படியானால் இது உண்மைதானா? இப்போதே செய்துவிடலாமா, வரி குறையட்டும் என்று காத்திருக்கலாமா? மகன் வரும்போது அங்கிருந்து குழாயும் மற்ற சாமான்களும் கொண்டுவருகிறேன் என்கிறான். சரிப்படுமா? இரண்டு எஸ்டிமேட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

— ஓய்வு பெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்:

வணக்கம் டீச்சர். உங்கள் மகன் சொல்வது முழுக்க உண்மை. இன்டீரியர்காரர் சொல்வதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. 90,000 ரூபாய்க்கு இல்லை.

இறக்குமதி வரியை யார் கட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கா ஒரு பொருளுக்கு வரி போட்டால், அதை அமெரிக்கத் துறைமுகத்தில் அந்தச் சரக்கை எடுக்கும் அமெரிக்க வியாபாரி கட்டுவார். பணம் அந்த நாட்டு அரசுக்குப் போகும். அவர் தன் கையை விட்டுக் கொடுப்பாரா? உங்கள் மகன் தலையில் வைப்பார். 2025 அக்டோபர் 14 முதல் அங்கே இறக்குமதி கிச்சன் கேபினட்டுக்கு 25 சதவீத வரி நடப்பில் இருக்கிறது. 2026 ஜனவரியில் அதை 50 ஆக்குவதாக இருந்து, கடைசி நேரத்தில் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் 2025 ஜூனிலிருந்தே 50 சதவீதம். சீனத்து மர கேபினட்டுக்கு 2020-லேயே தனி வரி போட்டுவிட்டதால் வியாபாரிகள் வியட்நாம், மலேசியா என்று மாறிப் போயிருந்தார்கள். இப்போது அங்கிருந்து வருவதற்கும் வரி. வெளிநாட்டுச் சரக்கு விலை ஏறினால் உள்நாட்டுக்காரரும் தன் விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். மகனிடம் வேறு கடை பார்க்கச் சொல்வதில் பெரிய பிரயோஜனம் இராது.

அந்த வரியில் ஒரு பைசாகூட மகாராஜ நகர் அடுக்களையில் விழாது. உங்கள் வீட்டுக்கு வரும் சாமானில் இருப்பது நம் நாட்டுச் சுங்க வரி. அதைப் போடுவது டில்லி. வசூலிப்பது தூத்துக்குடித் துறைமுகத்திலோ சென்னையிலோ. டிரம்ப் கேபினட்டுக்கு வரி போட்டார் என்பதற்காக அது தானாக ஏறுவதில்லை.

சரி, நம் நாட்டு வரி எவ்வளவு? சிம்னியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் வரி உண்மையாகவே ஏறியது. 2023 பட்ஜெட்டில் மின்சார சிம்னிக்கான அடிப்படைச் சுங்க வரியை 7.5 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினார்கள். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து துறைமுகத்தில் 10,000 ரூபாய் மதிப்புக்கு ஒரு சிம்னி இறங்குகிறது என்று வையுங்கள். 15 சதவீதம் 1,500. அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, 150. ஆக 11,650. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,097 சேர்த்தால் 13,747. பழைய 7.5 சதவீதத்தில் இதே கணக்கைப் போட்டால் 12,773 ரூபாய் 50 காசு வரும். வரி இரண்டு மடங்காகியும் வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்குள்தான். இதில் ஜிஎஸ்டி இறக்குமதிக்கு மட்டும் உரிய சுமையும் இல்லை. கோயம்புத்தூரில் செய்த சிம்னிக்கும் அதே 18 உண்டு. கடை வாடகை, விளம்பரம், டீலர் கமிஷன் எல்லாம் இதற்குப் பிறகு சேர்வது, அவற்றுக்குச் சுங்க வரி கிடையாது. அதனால் கடை விலையில் வரியின் பங்கு இன்னும் சுருங்கும். கூடவே தேதியைக் கவனியுங்கள். இந்த உயர்வு 2023-இல் வந்தது. உங்கள் ஆடி எஸ்டிமேட்டிலேயே அது இருக்கிறது. ஒரே வரியை இரண்டு தடவை வாங்கக் கூடாது.

ஆடிக்கும் மார்கழிக்கும் நடுவில் இறக்குமதிச் சாமானைத் தொட்ட பெரிய விஷயம் ரூபாயின் சரிவு. 2025 ஆடியில் 86, 87 என்று நின்ற டாலர் அந்த டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. நூற்றுக்கு நாலு ரூபாய் போல. முழுக்க வெளிநாட்டிலிருந்து வரும் பொருளாக இருந்தால் அந்த நாலு சதவீதம் நியாயமான உயர்வு.

இப்போது உங்கள் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீல், சேனல் (இழுப்பறை ஓடும் தண்டவாளம்), கம்பிக் கூடை 52,000-இலிருந்து 66,000. சிம்னியும் ஹாப் அடுப்பும் 38,000-இலிருந்து 44,000. சிங்க், குழாய் 19,000-இலிருந்து 23,000. இந்த மூன்றும்தான் வெளிநாட்டுச் சம்பந்தம் உள்ளவை. பழைய கணக்கில் இவை சேர்ந்து 1,09,000. அத்தனையும் இறக்குமதி என்றே ஒப்புக்கொண்டு, டாலருக்கு நாலு சதவீதம் கொடுத்தால் 4,360 ரூபாய். தாராளமாகப் பத்து சதவீதமே கொடுத்தாலும் 11,000-க்குள் முடிந்துவிடும். அவர் ஏற்றியிருப்பது 24,000.

மீதி 66,000 எங்கே ஏறியிருக்கிறது? ப்ளைவுட் பெட்டி வேலையில் 43,000. கிரானைட் மேடையில் 12,000. இடிப்பு, கொத்து, டைல்ஸ், வயரிங், பிளம்பிங் என்ற மொத்தத் தலைப்பில் 11,000. இதில் எதையும் அமெரிக்க வரியோடு முடிச்சுப் போட முடியாது, ஒன்றைத் தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிரானைட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் கேட்டிருப்பது பிளாக் கேலக்ஸி. அது ஆந்திராவில் சீமகுர்த்தியில் வெட்டும் கல். கப்பலே ஏறாமல் லாரியில் வருகிறது. இறக்குமதிப் பளிங்குக்கு மொத்தம் 40 சதவீதம் வரை வரி உண்டு, அதுவும் பல வருஷமாக இருப்பது. இத்தாலி மார்பிள் போடுகிறவர் அதைப் பற்றிக் கவலைப்படலாம். உங்களுக்குச் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் அமெரிக்க வரி இங்கே எதிர்த் திசையில் வேலை செய்யும். நம் கிரானைட்டையும் குவார்ட்ஸ் பலகையையும் நிறைய வாங்குகிற நாடு அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் வரை அவர்கள் ஏற்றியபோது அடிபட்டவர்கள் நம் ஏற்றுமதியாளர்கள். அங்கே போக முடியாத கல்லை இங்கேதான் விற்க வேண்டியிருந்தது. அந்த நிலைமையில் உள்ளூரில் விலை ஏற என்ன நியாயம்? போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் பலகையாக அறுக்காத கிரானைட் பாளங்களுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 ஆகவும், சிமென்ட்டுக்கு 28-இலிருந்து 18 ஆகவும் குறைந்திருக்கிறது. பாலிஷ் போட்ட பலகைக்கு 18 அப்படியேதான் இருக்கிறது. உங்கள் ஆடி எஸ்டிமேட் இந்தக் குறைப்புக்கு முந்தியது. கொத்து வேலைத் தலைப்பில் சிமென்ட்டுக்காக ஏதாவது குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராது.

ப்ளைவுட்டுக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் போகிறது. நம் பக்கத்துக் கடைகளுக்கு வரும் ப்ளைவுட் பெரும்பாலும் கேரளத்துப் பெரும்பாவூரிலோ அரியானாவின் யமுனாநகரிலோ செய்தது. உள்ளே இருப்பது ரப்பர் மரம், யூகலிப்டஸ், பாப்ளர்; எல்லாம் நம் நாட்டுத் தோட்டங்களில் வளர்ந்தவை. வெளிநாட்டுச் சரக்கு என்றால் மேலே ஒட்டும் மெல்லிய மரத்தோல், அதாவது வெனியர்; கர்ஜன் அல்லது ஒக்கூமே என்ற மரத்தில் இழைத்தது. ஆப்பிரிக்காவின் காபோன் 2010-லும் பர்மா 2014-லும் உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால் அது இழைத்த வெனியராக வந்து சேர்கிறது. பசைக்கு மூலமான மெத்தனாலும் பெருமளவு இறக்குமதி. ஆகவே டாலர் ஏறினால் ப்ளைவுட் கொஞ்சம் அசையும். 1,95,000 ரூபாய் வேலை 2,38,000 ஆகும் அளவுக்கு அசையாது. அதிலும் பாதிக்குப் பக்கம் ஆசாரி கூலியும் லேமினேட் ஒட்டுக் கூலியும்.

ப்ளைவுட்டுக்கு அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை 2025 பிப்ரவரி இறுதியில் நடப்புக்கு வந்தது. சிறு ஆலைகளுக்குச் சில மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பலகை விற்கக் கூடாது. முத்திரைச் செலவு பலகை விலையில் ஏறியிருக்கும், அது உண்மை. நீங்கள் கொடுக்கிற காசுக்கு அந்த முத்திரையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ‘ஐஎஸ் 710’ என்றால் தண்ணீர் தாங்கும் மெரைன் ரகம். ‘ஐஎஸ் 303’ சாதாரண ரகம், அதிலேயே ஈரம் தாங்குவது, கொதிநீர் தாங்குவது என்று இரண்டு உண்டு. எஸ்டிமேட்டில் 710 எழுதி, வேலையில் 303 வருவது நம் ஊரில் புதிதில்லை. லேமினேட் ஒட்டுவதற்கு முன்னால் பலகையை வீட்டில் இறக்கச் சொல்லுங்கள். ஒட்டியபின் எந்தப் பலகையும் மெரைன்தான்!

இதைவிடப் பெரிய மிச்சம் உங்கள் சுவரிலேயே இருக்கிறது. 1989 வீடு என்றீர்கள். அந்தக் காலத்து மேடைக்குக் கீழே கடப்பாக்கல் நிறுத்தித் தட்டுப் பிரித்திருப்பார்கள், நீங்கள் அனுப்பிய படத்திலும் தெரிகிறது. அதை உடைத்து வெளியே கொட்டிவிட்டு ப்ளைவுட் பெட்டி செய்வதற்குத்தான் பெரும்பணம் கேட்கிறார். கடப்பாக்கல்லுக்குக் கரையானும் தெரியாது, சிங்க்கின் கசிவும் தெரியாது. அதை அப்படியே வைத்து, முகப்புக்கு மட்டும் சட்டம் அடித்து, ப்ளைவுட் கதவும் தேவையான இடத்தில் மூன்று நான்கு இழுப்பறையும் போட்டால் போதும். பார்வைக்கு மாடுலர்தான். பலகை பாதிக்கும் கீழே இறங்கும், இடிப்புக் கூலியும் குறையும். தட்டின் அகலங்கள் ஒன்றுபோல் இராது என்பதால் சில ஆசாரிகள் முணுமுணுப்பார்கள். அளவெடுத்துச் செய்யத்தானே ஆசாரி?

கீலுக்கு வருகிறேன். ஜெர்மன் பெயர், ஆஸ்திரியப் பெயர் எழுதியிருந்தாலே எல்லாம் அங்கிருந்து வந்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கம்பெனிகளில் சில இங்கேயே ஆலை வைத்துச் செய்கின்றன. பெட்டியின் மேல் எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி செய்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும், சட்டம் அது. வண்ணார்பேட்டையிலோ டவுனிலோ ஒரு ஹார்ட்வேர் கடையில் நுழைந்து, எஸ்டிமேட்டில் இருக்கும் அதே மாடல் கீலுக்கும் சேனலுக்கும் விலை கேளுங்கள். அண்ணாச்சி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். கதவுக்கு இரண்டு கீல், உயரக் கதவுக்கு மூன்று அல்லது நான்கு. எண்ணிப் பெருக்கினால் உங்களுக்கே தெரியும். தானாக மெல்ல மூடும் கீல் எல்லாக் கதவுக்கும் வேண்டாம். தினம் நூறு தடவை திறக்கும் இழுப்பறைக்கு நல்ல சேனல் போடுங்கள், பரணுக்குப் பக்கத்துக் கதவுக்குச் சாதா கீல் போதும். இந்த ஒரு தலைப்பில் மட்டும் இறக்குமதிச் சரக்குக்குக் காசு கொடுப்பதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். மட்டமான சேனல் இரண்டு வருஷத்தில் தொங்கிவிடும்.

சிம்னியை நீங்கள் கட்டாயம் வாங்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். உங்கள் அடுப்புக்கு மேல் அந்தக் காலத்துப் புகைபோக்கி இருக்கிறது. அதன் வாயில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று பொருத்தினால் மீன் பொரிக்கும் புகையும் தாளிப்பு நெடியும் வெளியே போகும். சிம்னிதான் வேண்டும் என்றால் ஆறு அங்குலக் குழாய் வைத்துச் சுவருக்கு வெளியே விடுகிறதை வாங்குங்கள். கரி வடிகட்டி போட்டு உள்ளேயே காற்றைச் சுற்றவிடும் ரகம் நம் சமையலுக்கு ஆகாது.

சிங்க்குக்கு 304 ரக ஸ்டீல் கேளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். அதில் நிக்கல் எட்டு சதவீதம் போல இருக்கும். நிக்கல் நமக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும், அதனால் 304 கொஞ்சம் விலை. நிக்கல் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகம் மலிவு. பாளையங்கோட்டையில் தாமிரபரணித் தண்ணீர் வருகிறவரை 202-கூடச் சில காலம் ஓடும். வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் பிடிக்கிறவர்கள் அதை வாங்கினால் கறை பிடித்துச் சீக்கிரமே வருத்தப்படுவார்கள்.

விதிவிலக்கு ஒன்று என்றேனே, அது செம்பு. டிரம்ப் வரி உங்கள் அடுக்களைக்குள் நுழையும் ஒரே பின்வாசல் இதுதான். செம்புக்கு வரி வரப்போகிறது என்று 2025-இல் பேச்சு கிளம்பியதுமே அமெரிக்க வியாபாரிகள் உலகம் முழுவதிலிருந்தும் வாங்கிக் குவித்தார்கள். ஆகஸ்ட் முதல் செம்புக் கம்பி, குழாய் போன்றவற்றுக்கு 50 சதவீத வரியும் வந்தது. மற்ற காரணங்களும் சேர்ந்து, வருஷக் கடைசியில் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு அதுவரை காணாத விலைக்குப் போனது. நம் கதையும் இதில் உண்டு. தூத்துக்குடி ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கும் திறன் கொண்டது. 2018 மே மாதம் அது மூடப்பட்டபின் இந்தியா செம்பை ஏற்றுமதி செய்த நிலை மாறி இறக்குமதி செய்யும் நாடாயிற்று. ஆலை திறக்க வேண்டுமா கூடாதா என்பது வேறு வழக்கு, அதற்குள் நான் போகவில்லை. வயர் விலை லண்டனையும் டாலரையும் பார்த்து நடக்கிறது என்பதற்காகச் சொன்னேன். அதனால் வயரிங்கிலும் பித்தளைக் குழாயிலும் உயர்வு கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஓர் அடுக்களைக்கு இரண்டு மூன்று காயில் வயர் ஆகும். காயிலுக்குச் சில நூறு ரூபாய் ஏறியிருக்கும். அதற்காக அலுமினியம் கலந்த மட்ட வயர் போட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்த ஆடி எஸ்டிமேட் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். ஆட்கள் சும்மா இருப்பார்கள், கடைக்காரர்களும் தள்ளுபடி கொடுப்பார்கள். தையில் பாளையங்கோட்டை முழுக்க ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் கிராக்கி. உங்களிடம் அவர் கேட்கும் கூடுதலில் ஒரு பங்கு இந்தக் கிராக்கிதான் என்பது என் அபிப்பிராயம். அதை அவர் நேராகச் சொன்னால் நியாயம், பேசி முடிக்கலாம். வாஷிங்டன் மேல் பழி போடுவது சுலபம், அங்கே போய் யாரும் கேட்க மாட்டார்கள்.

காத்திருக்கலாமா என்றால், வரிக்காகக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்க வரி நாளைக்கே நீங்கினாலும் உங்கள் எஸ்டிமேட்டில் செம்பைத் தவிர எதுவும் இறங்காது. ஆள் கிராக்கிக்காக மாசி, பங்குனி வரை பொறுத்தால் கொஞ்சம் பயன் உண்டு. அதற்குள் அவரிடம் புது எஸ்டிமேட் கேளுங்கள்: பலகை தனி, கூலி தனி, கீல்–சேனல் மாடல் எண்ணோடு தனி, எந்தப் பொருள் இறக்குமதி என்ற குறிப்போடு. சதுர அடிக் கணக்கென்றால் பெட்டியும் கதவும் சேர்த்தா, கதவு முகப்பு மட்டுமா என்பதையும் எழுதித் தர வேண்டும். விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதைக் கீழே போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இப்போதுள்ள வேலையே என்றால் 4,45,000-க்கு மேல் போகக் காரணம் எனக்குத் தென்படவில்லை. கடப்பாக்கல்லை வைத்துக்கொண்டால் அதிலும் நன்றாகக் குறையும். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். சிம்னிக்கும் சேனலுக்கும் வாரண்டி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

மகன் கொண்டுவரும் சாமான்: குழாயை வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் குழாயின் மரை வேறு, நம் அரை அங்குல இணைப்பின் மரை வேறு. இணைப்புத் துண்டு தேடி அலைந்து, பிறகு உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தால் அதற்கும் நியூஜெர்சியிலிருந்து ஆள் வர வேண்டும். மின்சார சாமான் இன்னும் மோசம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸரோ ஓவனோ நேராகச் செருகினால் புகைந்துவிடும். ஏதாவது வாங்கித் தந்தே தீருவேன் என்று அவர் நின்றால், கத்தி செட்டோ அடிகனமான வாணலியோ கேளுங்கள். அதுவும் அவர் ஊர் வரி சேர்த்த விலையில்தான் வரும். வண்ணார்பேட்டைச் சேனலுக்கு அந்தப் பணத்தை அனுப்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.